பொட்டு வைத்த படம்

நான் நெய்வேலியில் மகனோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால் எழுதுகிறேன்.

என் அண்ணன் இருபது வயதில் கோபித்துக்கொண்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் இருந்த எங்கள் வீட்டை விட்டுப் போனவர். நாற்பது வருடம் தகவலே இல்லை. போன வருடம் அவர் மலேசியாவில் இருப்பதை என் மகன் செல்போனில் கண்டுபிடித்தான். அண்ணனே பேசி, "ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போம்மா" என்றார்.

முந்திரிப் பருப்போடு, எங்களிடம் இருந்த அவருடைய ஒரே படத்தையும் ஆசையாகச் சேலைக்குள் சுற்றி எடுத்துப் போனேன்.

அங்கே படத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அண்ணி, "ஐயையோ, பொட்டு வச்சிருக்கு!" என்று கீழே போட்டுவிட்டார். தினம் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அண்ணன் செத்துவிட்டதாக நினைத்து, அமாவாசைதோறும் அந்தப் படத்துக்குத்தான் படைத்து வந்தோம்.

"எனக்குச் சோறு வச்சுக் காக்காவையும் கூப்டியா?" என்றார் அண்ணன்.

தலையை ஆட்டினேன்.

"அப்ப நான் செத்தவனாவே இருந்துக்கினு போறேன். நீ ஊருக்குக் கெளம்பு."

நாற்பது வருடத்தில் ஒரு கடிதம் போட்டீர்களா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மறுநாளே விமானம் ஏற்றிவிட்டார்கள். பிறகு என் மகன் போன் செய்தபோது, "எனக்கு இருந்த தங்கச்சியும் செத்துட்டாப்பா" என்று வைத்துவிட்டாராம்.

இப்போது யார் வீட்டில் ஆள் காணாமல் போனாலும், கூச்சத்தை விட்டுப் போய், கண்ணால் பார்க்காமல் படத்துக்குப் பொட்டு வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அமாவாசைக்கு அண்ணனுக்கு இலை போடுவதில்லை. அவர் நன்றாக இருக்கட்டும்.