மோட்டார் கொட்டாயின் சுவர்

கோமுகி ஆற்றங்கரையில், எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு மேடு. ஆடு மாடு மேயும். போன வருடம் அதைத் தோண்டியபோது வட்டமாகச் செங்கல் அடித்தளம் தெரிந்தது. பழங்காலத்து பௌத்த தூபி என்றார்கள். அங்கே மண் சுமந்த பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. "யாரோ கும்புட்ட எடம்டி, கால் வைக்கவே கூசுது" என்பாள்.

வட்டத்தில் ஒரு பக்கம் செங்கல்லே இல்லை. யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அதைத் தேடி, தோண்டும் வேலையின் மேற்பார்வையாளர் நேராக எங்கள் தெருவுக்குத்தான் வந்தார். எங்கள் வாசற்படியில் அந்தக் கல் இரண்டு இருந்தது. தாத்தா பதித்தது.

"அரசாங்கச் சொத்தும்மா. திருட்டுக் கேசு ஆயிடும்" என்றார். காலையெல்லாம் அவர் கண்ணெதிரே கூடை சுமந்த அம்மா, கடப்பாரையை எடுத்துவந்து தானே படியைப் பெயர்த்தாள்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "சார், ஆத்தோரம் பெரிய வூட்டுக்காரர் மோட்டார் கொட்டாய் இருக்குது. நாலு செவுரும் இதே கல்லு. அங்க போனீங்களா?"

"அது பட்டா நெலம். நான் தலையிட முடியாது."

"எங்க வூடும் பட்டாதான் சார்."

அவர் கல்லை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அந்தக் கொட்டாயைப் படம் எடுக்கப் போனேன். பெரிய வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"இன்னா பண்ணிகினு இருக்க?"

"செவுத்தப் படம் எடுக்கறங்க."

"எடு, எடு. உங்கம்மா நாளைக்கு எவன் காட்டுல களை எடுக்கப் போறாள்னு கேட்டுக்க."

இன்னும் இரண்டு படம் எடுத்தேன். கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தேன். ஆள் வந்து பார்ப்பதற்குள் நாலு சுவரும் சிமெண்ட் பூசி, பச்சை வண்ணம் அடித்தாகிவிட்டது. வந்தவர்கள் அவர் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவை அதற்குப் பிறகு யாரும் களைக்குக் கூப்பிடவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துச் சின்னசேலம் பக்கம் போகிறாள்.

தூபிக்கு முன்னால் இப்போது ஒரு பலகை நிற்கிறது. ஊர் மக்கள் அறியாமையில் செங்கற்களை எடுத்துச் சென்றதால் ஒரு பகுதி அழிந்துவிட்டதாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஊர் மக்கள்னா யாரு? நாமளா?"

"ஆமாம்மா. நாமதான்."

ஊருக்குள் எங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் அந்தப் பலகைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பலகையைப் படித்துவிட்டு எங்கள் தெருவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் போய் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: அதோ, அந்தப் பச்சைச் சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்.