பிறக்காத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் அவனைக் கூட வேலை செய்பவர்கள் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஷூ கயிறு கட்டவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஆள். அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து, அன்று காலைதான் டாக்டர் அந்தச் சேதியைச் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே மனைவியிடம் கேட்டான்: "ஆறாங்கிளாஸுக்கு எங்க சேக்கறது?"

டவுன் பஸ் ஓட்டுகிறவள் அவள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் ரூட்டுல மூணு அரசு மிடில் ஸ்கூல் இருக்குங்க. லீவுதானே போட்டிருக்கோம், பாத்துட்டு வந்துருவோம்."

முதலில் டிப்போவுக்குப் பின்னால் இருந்த பள்ளி. ஆபீஸில் கிளார்க்கம்மா பேனாவைத் திறந்தார்.

"பையனா, பொண்ணா?"

"இன்னும் தெரியலைங்க," என்றான்.

பேனா நின்றது.

"பொறக்க ஏழு மாசம் இருக்குங்க," என்று மனைவி விளக்கினாள்.

கிளார்க்கம்மா மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை ஆசிரியர்கள் எட்டிப் பார்த்தார்கள். "வந்தது வந்தீங்க, சுத்திப் பாத்துட்டுப் போங்க," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

காலியாக இருந்த ஆறாம் வகுப்பில், நிதானம் கடைசி பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தான். "ஜன்னல் வெளிச்சம் போர்டுல அடிக்குது. பாதி எழுத்து தெரியல." அவளுக்கோ வாசல்தான் கவலை. "கேட்டத் தாண்டுனா நேரா ரோடு. தெனம் நான் பதறிப்போய் பிரேக் போடற எடம் இது. வேணாம்."

கோர்ட்டுக்கு எதிர்ப் பள்ளியில் வாசல் சந்துக்குள் இருந்தது, நல்லதுதான். ஆனால் நூலகம் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

மூன்றாவது, தண்ணீர்த் தொட்டிப் பள்ளி. கடைசி பெஞ்சிலிருந்து போர்டு பளிச்சென்று தெரிந்தது. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே பெரிய மைதானம். வராந்தாவில் பிள்ளைகள் நாடக ஒத்திகையில் இருந்தார்கள். காகித மீசை ஒட்டிய ஒரு சிறுமி அவனை மறித்தாள்.

"நீங்க புது சாரா?"

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், "ஆமா," என்றுவிட்டான். அடுத்த பத்து நிமிஷம் இரு கைகளையும் விரித்து மரமாக நின்றான். மீசைக்கார ராஜா அவன் நிழலில் படுத்துக் குறட்டை விட்டாள். மனைவி சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது அவன் பையில் போன் அடித்தது. அவனுடைய அக்கா.

"காலைலேர்ந்து போனும் கையுமா உக்காந்திருக்கேன். டாக்டர் என்னடா சொன்னாங்க?"

ஒரு கையை மட்டும் மடக்கிப் போனைப் பிடித்திருந்தான். "தண்ணித்தொட்டி ஸ்கூல்தான்க்கா தேவலாம்."

மறுமுனையில் அக்கா விசும்புவது கேட்டது. சொந்தத்தில் ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அது வந்து..."

"புரிஞ்சுதுடா," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "அங்க கணக்கு டீச்சர் எப்படி? அதக் கேட்டியா?"