கதவின் ராடாரில் விழாதவன்

எங்கள் கம்பெனி ஆபீஸ் வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு ஒன்று உண்டு. மேனேஜருக்குத் திறக்கும். டீ கொண்டு வருகிறவருக்குத் திறக்கும். ஒரு தடவை மழைக்கு ஒதுங்க வந்த நாய்க்கும் திறந்தது. எனக்கு மட்டும் திறக்காது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அலுமினியத் தாள் வெட்டும் மெஷினில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். பெரிய சுருளாக வரும் தாளைச் சின்ன அகலமாக வெட்டுவேன். இரண்டு ஓரத்திலும் நூல் மாதிரி மெல்லிய கீற்றுகள் கழிந்து விழும். அது ஸ்கிராப். ஆபீசுக்குள் போக வேண்டிய வேலை எனக்கு வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் வரும். அந்த இரண்டு மூன்று தடவையும் கதவுக்கு முன்னால் நின்று, யாராவது வந்தால் அவர் பின்னாலேயே நுழைவேன்.

"இன்னாண்ணா, கதவுகூட உன்ன மதிக்க மாட்டேங்குது" என்று பசங்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

ஒரு நாள் கதவு சர்வீஸ் செய்கிறவர் வந்திருந்தார். எனக்குத் திறக்காத விஷயத்தை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். என்னை நடந்து வரச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை நடக்கச் சொன்னார். பிறகு ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டார்.

"கதவு நல்லாத்தான் கீது சார். நீங்கதான் செவுத்த ஒட்டிக்கினு சைடுல வர்றீங்க. மேல ஒரு சின்ன பொட்டி இருக்குது பாருங்க, அது ராடாரு. நேரா வர்றவன்தான் அதுக்குத் தெரிவான். குறுக்கால போனா அதுக்கு செவுரும் ஒண்ணு, ஆளும் ஒண்ணு."

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "பிளேன்ல போறவன் மிசைலுகிட்டேந்து தப்பிக்க இதைத்தான் பண்ணுவான். ராடாருக்குக் குறுக்கால திரும்பிடுவான். நீங்க எங்க கத்துக்கினீங்க?"

நான் எங்கேயும் கற்கவில்லை. கல்யாண மண்டபத்தில் சுவர் ஓரம், ரேஷன் கடையில் சுவர் ஓரம், சொந்தத் தம்பி வீட்டிலும் சுவர் ஓரம் என்று நாற்பத்தெட்டு வருஷமாக நடந்திருக்கிறேன். விமானிகள் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்துச் செய்வதை நான் கூச்சத்தால் செய்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொஞ்சம் கர்வம் வந்தது.

அந்தக் கர்வத்தில்தான் ஏவுகணை வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வருவதற்குள் ஒரு வீடியோ முடியும். பத்தாவது படித்தவனுக்குப் புரியாததைத் திரும்பவும் சாயங்காலம் பார்ப்பேன். விமானத்திலிருந்து விமானத்தை அடிக்கிற, ராடார் காட்டும் வழியில் போகிற ஏவுகணைகள்தான் எனக்குப் பிடித்தவை.

முதலில் வந்தவை, சுட்ட விமானம் அடிக்கும் ராடார் கற்றைக்கு உள்ளேயே, டார்ச் வெளிச்சத்தில் நடக்கிறவன் மாதிரி போயின. தூரம் போகப் போக டார்ச் வெளிச்சம் பரந்துவிடும் இல்லையா, அதே மாதிரி கற்றையும் பரந்துவிடும். ஏவுகணை அதற்குள் எங்கேயோ அலையும். அடுத்து வந்தவை காதுள்ளவை. சுட்டவன் எதிரி மேல் ராடாரை அடித்துக்கொண்டே இருப்பான், எதிரி மேல் பட்டுத் தெறிக்கிற அலையைக் கேட்டுக்கொண்டே ஏவுகணை போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது போய்ச் சேரும் வரைக்கும் சுட்டவன் எதிரியைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். நடுவில் பயந்து முகத்தைத் திருப்பினால் ஏவுகணை செவிடாகி எங்கேயோ விழும்.

அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன். என்னைப் பற்றி யாரோ படம் எடுத்த மாதிரி இருந்தது.

நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பேன். அது எதிரே இருப்பவரைப் போய்ச் சேருவதற்குள் என் கண் தரைக்குப் போய்விடும். வாக்கியம் நடுவழியில் விழும். பெண் பார்க்கப் போன அன்று "பொண்ணு புடிச்சிருக்கா?" என்று மாமனார் கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு "ரொம்பப் புடிச்சிருக்கு" என்றேன். கிளம்பும்போது காலண்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். பெண்ணைப் பற்றித் தகவல் சொல்ல என் அக்கா மறுபடி ஒரு நடை போக வேண்டியிருந்தது. என் மனைவி இதை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறாள்.

இப்போது வருகிற ஏவுகணைகளுக்கு மூக்கிலேயே சொந்த ராடார் உண்டு. சுட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பார்கள். அதுவும் பாதிதான் உண்மை. மூக்கு சின்னது, ராடாரும் சின்னது, கிட்டே போனால்தான் அதற்குக் கண் தெரியும். அதுவரைக்கும் சுட்டவன்தான் வழி சொல்ல வேண்டும்.

இவ்வளவும் என் மண்டைக்குள்ளேயே இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லையில் சண்டை வந்த நாட்களில் எங்கள் ரயில் பெட்டி முழுக்க ஏவுகணைப் பேச்சாகவே இருந்தது. குழாய் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர், குரல் பெரியவர், "இங்கேந்து வுட்டா திருப்பதி தாண்டிப் போய் அடிக்கும் நைனா" என்று கையை வீசிக் காட்டினார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "எதிரி பிளேனு எதிர்ல வந்தாத்தான். திரும்பி ஓடுனா அதுல பாதிகூடப் போவாது."

பெட்டியே திரும்பிப் பார்த்தது. பேச்சை அந்தரத்தில் விட முடியாமல் சொன்னேன்: "அதுல மருந்து கொஞ்ச நேரந்தான் எரியும். அப்பறம் வந்த வேகத்துலதான் போவுது. ஸ்டேஷனுக்கு வர்ற வண்டியப் புடிக்க ஓடறதும், கெளம்பிப் போன வண்டியப் புடிக்க ஓடறதும் ஒண்ணா?"

குழாய் கம்பெனிக்காரர் வீசிய கையை இறக்கினார். "அட, ராடாரு" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

அந்தப் பெட்டியில் எங்கள் கம்பெனி பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் அம்மா ஒருவரும் வருவார். முன்னால் நாற்று நடவுக்குப் போனவர், பத்து வருஷமாக எங்களோடு இருக்கிறார். அவர் மகன் விமானப்படையில் வடக்கே எங்கேயோ இருக்கிறான். விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஏவுகணை மாட்டுகிற வேலை. மறுநாள் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நடக்கும்போது அந்த அம்மா என் பக்கத்தில் வந்தார்.

"ராடாருண்ணா, அவங்க வுடற மிசைலு என் புள்ள இருக்கற எடத்துக்கு வருமா?"

"நான் சொன்னது வானத்துல பறக்கறதத் தேடிப் போறது. கீழ நிக்கற ஆள அதுக்குத் தெரியாது" என்றேன். அது உண்மைதான்.

"வேற மாதிரி மிசைலும் இருக்குதில்ல?"

அதுவும் உண்மைதான். நான் தூரத்தில் தெரிந்த புகைபோக்கியைப் பார்த்தேன். என் நிபுணத்துவம் அங்கே முடிந்தது. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது போல. மகனின் போன் விஷயத்துக்கு வந்தார்.

"நாம போனு பண்ணா போவறது இல்ல. அவனா பண்ணாத்தான் உண்டு. நேத்து ரெண்டு வாட்டி பண்ணிக்கீறான். என் போனு கேட்டாண்ட பொட்டில கெடந்தது. சூப்ரவைசர கேட்டேன், ரூல்ஸுன்னுட்டாரு. நீ மேனேஜராண்ட ஒரு வார்த்த சொல்லுணா. நீ சொன்னா கேப்பாரு. ட்ரெய்ன்ல எப்டி பேசுன!"

எங்கள் கம்பெனியில் உள்ளே போன் கூடாது. காலையில் கேட்டில் வரிசையாக இருக்கும் சின்னப் பெட்டிகளில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாயங்காலம்தான் எடுக்கலாம். அவன் கூப்பிடுகிற நேரம் எது என்று அவனுக்கே தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்வதற்கும் முகம் பார்க்க வேண்டுமே.

டீக்காரர் பின்னாலேயே ஆபீசுக்குள் நுழைந்தேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... போன் வெக்கிற பொட்டி..." என்றேன். அதற்குள் என் கண் அவர் மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் செடிக்குப் போய்விட்டது.

"பூட்டு சரியில்லையா? நானும் கேள்விப்பட்டேன். மாத்திடலாம்."

"சரி சார்" என்று வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எல்லாப் பெட்டிக்கும் புதுப் பூட்டு. நல்ல கெட்டிப் பூட்டு. அந்த அம்மா அதை இழுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்காணா போன?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் ரயிலில் போனை என் முன்னால் நீட்டினார். பகல் பதினொன்றே காலுக்கு அவன் கூப்பிட்டிருக்கிறான். எடுக்காத அழைப்பு என்று சிவப்பில் இருந்தது. அந்த நேரத்தில் அவர் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். நான் இருபதடி தள்ளி ஸ்கிராப் அள்ளிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு, சுவரை விட்டு விலகி, மைதானத்தின் நடுவில் நடக்கிற மாதிரி நடந்து கதவுக்கு நேராகப் போனேன். கதவு திறந்தது. எனக்கு வந்த ஆச்சரியத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நிற்கிறவனும் அதற்குத் தெரிய மாட்டான். மூடிக்கொண்டது. நாலடி பின்னால் போய் மறுபடி வந்தேன்.

மேனேஜர் முகத்தில் கண்ணை வைத்தேன். எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

"சார், பேக்கிங்ல இருக்கற அம்மா. பையன் ஏர்போர்ஸ்ல கீறான். எப்ப போன் வரும்னு தெரியாது. போன அவங்க கிட்டயே வெச்சிக்க உடணும்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? அது இருக்கட்டும், உங்க மெஷின்ல நேத்து ஸ்கிராப் ஜாஸ்தியாமே?"

துரத்தப்படுகிற விமானம் அலுமினியக் கீற்றுகளைக் கொத்தாக உதறிவிடும். ராடாருக்கு அது விமானத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஏவுகணை அந்தப் பக்கம் போய்விடும். நான் வெட்டிக் கழிக்கும் கீற்றையே என் முன்னால் உதறுகிறார் மனிதர். ஸ்கிராப்பைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பிளேடு மாற்றி எத்தனை நாளாகிறது தெரியுமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அத அப்பறம் சொல்றேன் சார். போனு."

"உங்க பொண்ணு காலேஜ் எப்படிப் போவுது?"

"நல்லாப் போவுது சார். போனு."

"ஆடிட் வர்ற நேரம்..."

"ஆடிட் அன்னிக்கி வேணாம் சார். போனு."

"என்னங்க, முறைச்சிக்கிட்டே பேசறீங்க?"

"மொறைக்கல சார். பாத்துக்கினு கீறேன்."

கண்ணைச் சிமிட்டாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? ஏசிக் காற்று வேறு நேராக முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. மேனேஜர் பதறி எழுந்துவிட்டார்.

"ஐயோ, ஏங்க அழறீங்க? நான் முடியாதுன்னா சொன்னேன்? உக்காருங்க." தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான் அழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். ஏவுகணை நேராகப் போய் மோத வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே வெடிக்கும் என்று பார்த்திருக்கிறேன். சண்டை ஓய்கிற வரைக்கும் அந்த அம்மாவின் போன் பேக்கிங்கில் வேண்டாம், என் மெஷின் பக்கத்து மேஜையில் இருக்கட்டும், அழைப்பு வந்தால் நான் அவரைக் கூப்பிட வேண்டும் என்று முடிவானது.

மெஷின் சத்தத்தில் மணி கேட்காது. அதனால் ஒரு கண் தாளிலும் ஒரு கண் போனிலுமாக நின்றேன். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அந்த அம்மா டீ நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் போன் வெளிச்சம் காட்டியது. மெஷினை நிறுத்தி, காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கிவிட்டுப் போனை எடுத்தேன்.

"அம்மா?" என்றான்.

ஏவுகணையைக் கையால் தொட்டு மாட்டுகிறவன். கேட்க எனக்கு ஒரு நோட்டு நிறையக் கேள்வி இருந்தது. "சாப்ட்டியாப்பா?" என்றேன்.

"யாரு?"

"இரு, அம்மாவாண்ட தர்றேன்." போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பேக்கிங் மேஜைகளுக்கு நடுவிலேயே ஓடினேன். அந்த அம்மா வாங்கிக் காதில் வைத்து, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு "சாப்ட்டியாடா?" என்றார்.

கொஞ்ச நேரம் போனதும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ராடாருண்ணா, உன்னாண்ட பேசணுமாம்."

நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுச் சுவர் ஓரமாக நழுவினேன். அவர் போனோடு வந்தார். நான் பெட்டி அடுக்குக்குப் பின்னால் திரும்பினேன். அவரும் திரும்பினார். சொந்த ராடார் உள்ளவர்களிடம் குறுக்கே நடந்து பிரயோஜனம் இல்லை. போன் என் காதில் வந்து ஒட்டியது. பின்னால் கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஏதோ கேட்டான். எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு "ஆமாம்பா" என்றேன்.

சாயங்காலம் ரயிலில் அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாணா சொன்ன அவனாண்ட? 'அம்மா அழுவறாங்களா அங்கிள்'னு கேட்டானாம், நீ ஆமாம்னியாம். அவன் பயந்துக்கினு, ஷிப்ட்டு முடிஞ்சி நான் வெளிய வர்ற நேரத்துக்கு மறுபடியும் பண்ணிட்டான். எவ்ளோ நேரம் பேசுனான் தெரியுமா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.