சாகசக் கதைகளுக்குப் பூட்டு

நூலக வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும் செவ்வந்தி நாற்காலியைத் தேடுவாள். அதன்மேல் யாராவது புத்தகங்களைக் குவித்துவிட்டுப் போயிருப்பார்கள். எடுத்து அடுக்குவதற்குள் அடுத்த வகுப்பு வாசலில் வந்து நிற்கும்.

நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றில் அவள் கான்ட்ராக்ட் நூலகர். காலையில் கம்மாபுரத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். கணவன் கொளஞ்சிநாதனுக்கும் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைதான். நைட் ஷிப்ட் வாரங்களில் அவன் பகலெல்லாம் தூங்குவான். ஒற்றை அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை சிரிப்புக் கதை ஏதாவது படித்துச் சிரிப்பு வந்தால்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் படித்தாள். படிக்காமல் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. "மிஸ், ஜாலியா ஒண்ணு குடுங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆரம்பத்தில் கைக்கு வந்ததைக் கொடுத்தாள். பாதி திறக்கப்படாமலே திரும்பி வந்தன. பிறகுதான் கேட்டுக் கொடுக்கப் பழகினாள். கடைசியாக எதற்குச் சிரித்தாய், எதற்குப் பயப்படுவாய் என்று விசாரிப்பாள். ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்கு, முதல் பக்கத்திலேயே யாராவது காணாமல் போகிற கதை. எழுத்துக் கூட்டித் திணறுகிற பிள்ளைக்கு மெலிசான சிரிப்புக் கதை. சிரிப்பு வந்துவிட்டால் மெதுவாகப் படிக்கிறோமே என்ற கூச்சம் மறந்துபோகும்.

ஏழாம் வகுப்பு அபி, ஓரிடத்தில் உட்காராத ரகம். யாரும் ஏறாத குன்றுக்கு வரைபடம் போடப் போகிற நாலு பிள்ளைகளின் கதையை அவளுக்கு எடுத்துக் கொடுத்தது செவ்வந்திதான். அந்தச் சனிக்கிழமை அபியும் அவள் தோழியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சுரங்கத்து மண்ணைக் கொட்டி வைத்திருக்கும் மேட்டுக்குப் போய்விட்டார்கள். ஏறும்போது வெயில். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முழங்கால்வரை சேற்றில் மாட்டிக்கொண்டவர்களைக் காவலாளி ஒருவர் பார்த்து இழுத்துவிட்டார். சறுக்கி விழுந்ததில் அபிக்கு வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியை சுப்புலட்சுமியின் அறைக்குச் செவ்வந்தியைக் கூப்பிட்டார்கள். அபியின் அப்பா தனகோட்டி அங்கே நின்றிருந்தார். மேசைமேல் சேறு காய்ந்த புத்தகம்.

"நீங்கதான் இதக் குடுத்தீங்களா?" என்று கேட்டார் தனகோட்டி.

"ஆமாங்க."

"படிச்சிட்டுத்தான் குடுத்தீங்களா?"

"படிச்சேங்க."

"அந்த மேட்டுல மண்ணு கொட்டுற மிஷின்லதாங்க எனக்கு வேல. மழ பேஞ்சா அது எந்தப் பக்கம் சரியும்னு எனக்கே தெரியாது. பொண்ணு பாட்டுக்கு ஏறி நின்னுகினு வரைபடம் போட்டிருக்குது." அவர் கத்தவில்லை.

செவ்வந்தி பஸ் ஜன்னலில் தினமும் அந்த மேட்டைப் பார்க்கிறாள். புத்தகத்தைக் கொடுக்கும்போது அது அவள் நினைவுக்கு வரவேயில்லை.

"சாகசக் கதையெல்லாம் எடுத்துப் பூட்டிடுங்க செவ்வந்தி. கொஞ்ச நாளைக்கு வேணாம்" என்றார் சுப்புலட்சுமி. செவ்வந்தியே அடுக்கி, செவ்வந்தியே பூட்டி, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று வகுப்பு வகுப்பாக வந்த பிள்ளைகள் ஏன் மிஸ், ஏன் மிஸ் என்று கேட்டார்கள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி மாலையில் தொண்டை கட்டிக்கொண்டது.

மாவுக்கட்டோடு பள்ளிக்கு வர ஆரம்பித்த அபி, நூலகத்துப் பக்கம் மட்டும் வரவில்லை. ஒருநாள் மதியம் வாசலில் வந்து நின்றாள்.

"என்னாலதான பூட்டிட்டாங்க மிஸ்?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லவும் செவ்வந்திக்குத் தெம்பில்லை. "உன்னாலயும்தான். என்னாலயும்தான். உள்ள வா."

கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் புகுந்துவிட்ட எருமையைப் பற்றிய கதை ஒன்றை எடுத்து அவள் பையில் வைத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் தனகோட்டியே வந்துவிட்டார். அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தயங்கினார்.

"பொண்ணால புடிச்சிகினு படிக்க முடியலீங்க. நான்தான் படிச்சிக் காட்டுனன். அந்த எருமை பாயசத்துல வாய வெக்கிற எடத்துல எனக்குச் சிரிப்புல மேல படிக்கவே வரல." கொஞ்சம் சிரித்தார். "இந்த மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்களா?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் நல்ல மனநிலையில் இருப்பதைப் பார்த்து, "அந்த அலமாரியத் திறக்கச் சொல்லி மேடத்துகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா..." என்று இழுத்தாள்.

"அத மட்டும் கேக்காதீங்க." சிரிப்பு போய்விட்டது.

"சரிங்க. அப்ப அந்த மேட்டப் பத்தி நீங்களே வந்து புள்ளைங்ககிட்ட சொல்றீங்களா? என்னால சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது."

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் வேலையில் தனக்கு வார விடுமுறை வந்த நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ஏழாம் வகுப்பின் முன்னால் நின்று திக்கித் திக்கிப் பேசினார். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஊறியிருக்கும், கால் வைத்த பிறகுதான் தெரியும் என்றார். கூட வேலை செய்தவர் ஒருவர் இடுப்புவரை புதைந்ததையும், கயிறு கட்டி இழுத்ததையும் சொன்னார். பிறகு கேள்விகள் நிற்கவேயில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் சுப்புலட்சுமி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "வீட்டுக்குக் குடுக்க வேணாம். மதியத்துல இங்கயே உக்காந்து படிக்கட்டும். நீங்க கூட இருந்து பேசுங்க. எது கதை, எது நம்ம ஊருன்னு."

ஆக, செவ்வந்திக்கு இருந்த ஒரே ஓய்வும் போயிற்று. இப்போது மதியத்தில் டிபன் பாக்ஸை ஜன்னல் திண்டில் வைத்து நின்றபடியே சாப்பிடுகிறாள். தரையெல்லாம் பிள்ளைகள். "மிஸ், இந்தக் குகை மாதிரி இங்க இருக்குதா?" என்று எவனாவது கேட்பான். வாயில் சோற்றோடு, "இல்ல, இருந்தாலும் போகக்கூடாது" என்பாள். பல நாள் அவளுக்கே எரிச்சலாக இருக்கிறது. கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை. சொன்ன வேலையை நிறுத்தவும் மனம் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கம்மாபுரம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிப்போனாள்.