ஏழாம் அறையின் பேணி

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொறொன்ரோவில் பதினாறு வருடமாக வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டே ஐந்து பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். அவர்களைத் துடைத்துக் கிடத்திவிட்டு, வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன். இந்த வேரோனிக்காவுக்கு, அதாவது எனக்கு, தனிமையில் மூளை பிசகிவிட்டது என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். இது நடந்தது. டிசம்பர் பன்னிரண்டாம் திகதி நடந்தது.

டோர்செட் பார்க்கில் ஒரு பழைய கட்டடம், பதினாலாம் மாடி. குலசிங்கம் அண்ணைக்கு எண்பத்து நாலு வயது. மறதி நோய். மனைவி யோகராணி அக்கா இறந்து மூன்று வருடம். மகள் நடாஷாவுக்கு மிசிசாகாவில் வேலை. அவள் வீடு வர ஏழு மணியாகும். மூன்றிலிருந்து ஏழு வரை அண்ணைக்குத் துணை நான். உண்மையைச் சொன்னால் எனக்கும் துணை அவர்தான். என் மகன் ஜோசுவா கல்கரியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பான். மற்ற ஆறு நாளும் என் போன் நேரம் பார்க்க மட்டும்தான்.

அண்ணை இளமையில் சிறைக் காவலர். ஊரில், கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவு. பெயர் சொல்லமாட்டேன். இன்றைக்கு அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை, பிறகு சிறையானது. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே கொண்டுபோனால் திரும்பி வருவது சந்தேகம் என்று சனம் பேசிக்கொள்ளுமாம். நிலத்துக்குக் கீழே பத்து அறைகள். கடல் பெருகினால் முழங்கால் வரை உப்புத் தண்ணீர். சுவர் அவ்வளவு தடிப்பு, அலைச் சத்தம் வேறு. உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது.

அதனால் மாலை ஐந்து நாற்பதுக்குக் காவலர் ஒவ்வொரு கதவிலும் தடியால் ஒரு தட்டுத் தட்டவேண்டும். உள்ளே இருப்பவன் தகரப் பேணியால், தண்ணீர் குடிக்கும் குவளையால், திருப்பித் தட்டவேண்டும்; அதைத்தான் 'சொல்லுறது' என்பார்கள். பத்துப் பதில் வந்தால் வெளிக்கதவைப் பூட்டிவிட்டுக் காவலர்கள் வள்ளத்தில் கரைக்குப் போகலாம்.

காலையில் என்ன சாப்பிட்டார் என்பது அண்ணைக்கு மறந்துவிடும். இது மறக்கவில்லை.

"ஒருநாள் புயல் வருது. ஏழு சொல்லேல்லை பிள்ளை. வள்ளக்காரன் கத்துறான். நான் திறந்து பாக்கேல்லை. பத்து எண்டு எழுதிப்போட்டு வந்திட்டன்."

"பிறகு?"

"நாலு நாளா வள்ளம் போகேலாமல் கிடந்தது."

அதற்கு மேல் சொல்லமாட்டார். அழுவார்.

தினமும் ஐந்து நாற்பதுக்குக் கைத்தடியை எடுத்துக்கொண்டு வீட்டு நடையில் சுவரோரமாக நடப்பார். டொக்... காதை வைத்துக் கேட்பார். தலையாட்டுவார். அடுத்த தட்டு. ஏழாவதில் நின்றுவிடுவார். "ஏழு சொல்லேல்லை." மறுபடியும் ஒன்றிலிருந்து. மகள் வரும்வரை இதுதான். கால் வீங்கிவிடும், நாள் முழுக்க ஒரு வாய் இறங்காது. கார்த்திகை மாதத்தில் உடம்பு பாதியாகிவிட்டது. இப்படியே போனால் மனுசன் ஏக்கத்திலேயே போய்விடுவார் என்று எனக்குப் பயம்.

"ஆர்கியூ பண்ணாதேங்கோ அன்ரி," என்பாள் நடாஷா. "அப்பா சொல்லுறதுக்கு ஓமெண்டு சொல்லுங்கோ."

எங்களுக்குப் படிப்பித்ததும் அதுதான். அவர்களைத் திருத்தாதே, அவர்களோடு சேர்ந்து போ. நானும் போனேன்.

நடைச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. ஏழாவது தட்டுக்கு நானே அங்கிருந்து பதில் சொன்னால் ஆறுதலடைவார் என்று நினைத்தேன். குசினியில் யோகராணி அக்காவின் சில்வர் பேணி இருந்தது. கலியாணத்துக்கு வந்தது. எங்கள் ஆட்களின் வழக்கப்படி அடியில் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அதை எடுத்தேன்.

அண்ணை என் கையைப் பார்த்தார்.

"உது வேண்டாம் பிள்ளை. சொன்ன ஆக்கள் உள்ளுக்கைதான் இருக்கவேணும்."

சிரித்துவிட்டுப் போனேன்.

ஐந்து முப்பத்தெட்டு. வெளியே அதற்குள் கும்மிருட்டு. குளியலறை லைற்றைப் போட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஐந்து நாற்பது. டொக்.

டிங்...

பதில். என் இடது பக்கத்திலிருந்து. பழைய கட்டடம், ஹீற்றர் குழாய் என்று நினைத்தேன்.

டொக். டிங்...

கொஞ்சம் கிட்ட.

மூன்று. நான்கு. லைற் அணைந்தது. சப்பாத்துக்குள் குளிர்ந்த தண்ணீர் ஏறியது. கடல் மணம்.

ஐந்து.

ஆறு. என் காதோடு.

பிறகு ஏழாவது தட்டு.

ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் கை எழும்பவில்லை. சுவருக்கு அப்பால் அண்ணை அழுவது மட்டும் கேட்டது.

"ராசா... இருக்கிறியோ? ஒருக்காச் சொல்லடா..."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். வெறும் வீட்டில் நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். பாவமாக இருந்தது. தாங்க முடியவில்லை.

தட்டினேன்.

டிங்.

எட்டு. ஒன்பது. பத்து.

கிறீச்... டங்!

இரும்புத் தாழ்ப்பாள். அந்தக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளே கிடையாது.

கைப்பிடியைத் திருகினேன். அசையவில்லை. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஐந்து நாற்பத்து மூன்று. பேணியால் தட்டித் தட்டிச் செபம் சொன்னேன். அருள் நிறைந்த மரியே... அருள் நிறைந்த மரியே...

ஒருவரும் வரவில்லை.

ஆறு ஐம்பத்தைந்துக்கு வெளிச்சம் வந்தது. நடாஷா நின்றாள்.

"ஏன் அன்ரி இருட்டுக்கை நிக்கிறீங்கள்? கதவு திறந்துதானே கிடக்கு?"

நிலம் காய்ந்திருந்தது. சப்பாத்தும் காய்ந்திருந்தது.

அண்ணை கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். அப்படியொரு நிம்மதியை அவர் முகத்தில் நான் கண்டதேயில்லை. மடியில் கலண்டர் தாள். நடுங்கிய எழுத்தில் ஒரே ஒரு சொல். பத்து.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு நடாஷா பாத்திரங்களை எடுத்தாள். "அம்மான்ரை பேணியைக் காணேல்லை," என்றாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதோடு அந்த வீடும் எனக்கு இல்லாமல் போனது.

பெப்ரவரியில் ஒரு மாலை போன் அடித்தது. நடாஷாவின் மச்சான் வினோதன். ஊருக்கு விடுமுறையில் போயிருந்தான். அந்தச் சிறை இப்போது ஹோட்டலாம். கைதிகளின் அறைகளில் உல்லாசப் பயணிகள் படுக்கிறார்களாம். மாமா வேலை செய்த இடம் என்று இவனும் போய்த் தங்கியிருக்கிறான்.

"அன்ரி, மாமியின்ரை பேணியை நீங்கள் ஆரிட்டையும் குடுத்து ஊருக்கு விட்டனீங்களோ?"

"இல்லையே. ஏன்?"

"இஞ்சை ஏழாம் அறைக்கு ஆக்களை விடுறேல்லை. டிசம்பரிலை இருந்து விடிய நாலு பத்துக்கு உள்ளுக்கை தட்டிக் கேக்குதாம். ஒரு பொம்பிளை செபம் சொல்லுறாவாம். இந்தச் சிறையிலை ஒருநாளும் பொம்பிளையளை வைச்சதில்லை எண்டுகினம்."

அங்கே விடிய நாலு பத்து. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இங்கே மாலை ஐந்து நாற்பது.

"என்ன செபம்?"

"அருள் நிறைந்த மரியே."

நான் செபம் சொன்னதை ஒருவரிடமும் சொல்லியதில்லை.

"திறந்து பாத்தவங்களாம் அன்ரி. ஆக்கள் இல்லை. நிலத்திலை ஒரு சில்வர் பேணி மட்டும். எனக்குக் காட்டினவங்கள். அடியிலை மாமியின்ரை பேர்."



"தம்பி... அந்தக் கதவைத் திறந்தே விடச் சொல்லு."



"பேணியைத் திருப்பி உள்ளுக்கை வைச்சு, நேற்றுக் கல்லாலை கட்டி மூடிப்போட்டாங்கள் அன்ரி."