என் கைக்காகப் பருத்த கைப்பிடி

என் அறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் கிரிக்கெட் மட்டை என்னுடையது அல்ல. ஆனால் அதன் கைப்பிடி என் கைக்குத்தான் பொருந்தும். இந்த இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதற்கு நான்தான் காரணம்.

மட்டைக்கு உரியவள் என் தோழி. அதே கல்லூரியில் அவள் வணிகவியல் படிக்கிறாள், நான் இலக்கியம். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அவள் குடும்பத்துக்குப் பூக்கடை. கல்லூரிப் பெண்கள் அணியில் நாங்கள் இருவரும் மட்டையாளர்கள். அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள். அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. அணியில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கல்லூரியில் இருக்கும் மட்டைகள் ஆண்கள் ஆடிக் கழித்தவை, தூக்கினாலே தோள் வலிக்கும். அவள் மாமா அவளுக்கு வாங்கித் தந்த இந்த ஒன்றுதான் இலேசானது. வலைப்பயிற்சியில் தான் ஆடி முடித்ததும் அதை என்னிடம் நீட்டுவாள்.

என் விரல்கள் நீளமானவை. மெல்லிய கைப்பிடியைப் பற்றினால் விரல் நுனிகள் சுற்றிவந்து என் உள்ளங்கையிலேயே குத்தும். நழுவிவிடுமோ என்று இறுக்குவேன். இறுக்கினால் மணிக்கட்டு விறைக்கும். பந்து சற்று ஓரத்தில் பட்டாலும் மட்டை கைக்குள் திரும்பிவிடும்.

“நீ பேட்ட புடிக்கல, அது கழுத்த நெரிக்கிற,” என்றாள் ஒருநாள். “உன் கைக்கு இந்தக் கைப்பிடி ரொம்ப ஒல்லிடி. தடிமனாக்கிடலாம்.”

பல்கலைக்கழக அணிக்கான தேர்வு அப்போது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மட்டையாளரைத்தான் எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்று அவள், இல்லையென்றால் நான். அது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

முதலில், இருந்த ரப்பர் உறையின் மேலேயே இன்னொன்றை ஏற்றினோம். பவுடரைத் தூவி, உறையை வளையமாகச் சுருட்டி, மேலிருந்து உருட்டி உருட்டி இறக்கினாள். பருமன் வந்தது; ஆனால் பஞ்சுபோல அமுங்கியது, பந்து மட்டையில் எங்கே பட்டது என்பதே கைக்குத் தெரியவில்லை. அடுத்து, சைக்கிள் கடையிலிருந்து பழைய டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, நாடா நாடாவாக வெட்டிச் சுற்றினோம். வியர்த்ததும் வழுக்கியது. அதன் பிறகுதான் நனைத்த வாழைநாரைச் சுற்றி, மேலே உறையை ஏற்றிப் பார்க்கும் எண்ணம் அவளுக்கு வந்தது. பூமாலையில் நார் எப்படிப் பிடிக்கும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவள் அல்லவா? ஈரம் இருந்தவரை அது கைப்பிடியோடு அற்புதமாக ஒட்டிக்கிடந்தது. வெயில் பட்டதும் உறைக்குள்ளேயே காய்ந்து தளர்ந்துவிட்டது. நான் முதல் பந்தை அடித்தபோது உறை மட்டும் தனியாக என் கையில் ஒரு சுற்று சுற்றியது.

“மாலையா இருந்தா சாயந்திரத்துக்குள்ள வித்துப் போயிருக்கும்,” என்று சிரித்தாள். “இத யாரு தலையில கட்றது?”

கடைசியில் பூ கட்டும் நூலுக்கு வந்தோம். கடையின் பின்புறம் உட்கார்ந்து, உறைகளை உரித்துப் போட்டு, மட்டையை மடியில் கிடத்தி, நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றினாள். மேலே கனமாகவும் கீழே வர வர மெலிவாகவும், எங்கும் மேடு தட்டாமல். சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சாமிக்குப் போற நூலு பேட்டுக்குப் போவுது. அண்ணாமலையாரு கோச்சுக்கப் போறாரு.”

“அவருக்கு ஒரு மலையே கெடக்குது. ஒரு நூல்கண்டு கம்மியானா கேப்பாராக்கும்?”

“வாய் ஜாஸ்தி இவளுக்கு,” என்றார் அம்மா என்னிடம். “நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கண்ணு?”

நான் புன்னகைத்தேன்.

நூல் நழுவாதிருக்க அவள் பசை தடவத் தொடங்கினாள். “இது காஞ்சா இறுகிடும். அப்புறம் லேசுல பிரிக்க முடியாது, பாத்துக்க,” என்றாள்.

அப்படியானால் தேர்வன்று நீ எதை வைத்து ஆடுவாய்? இந்தக் கேள்வி என் நாக்கு வரை வந்தது. அவள் கை எவ்வளவு சிறியது என்பது எனக்குத் தெரியும். அவள் வளையல் என் கையில் ஏறாது. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பாள். நிறுத்திவிடுவாள் என்பதால்தான் நான் கேட்கவில்லை. “சரி,” என்று மட்டும் சொன்னேன். பசை காய்ந்ததும் நூலின் மேல் புதிய நீல உறையை ஏற்றிக் கொடுத்தாள்.

தேர்வுக்கு முன் பௌர்ணமி வந்தது. நாங்கள் பயிற்சி செய்யும் திடலில் வழக்கம்போலத் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டுவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்குக் கட்டிக் கொடுக்கக் கடையில் ஆள் போதாது என்பதால் அவளால் நகர முடியவில்லை. “பேட்ட நீயே எடுத்துட்டுப் போ. கை பழகட்டும்,” என்றாள். எடுத்துவந்து, எங்கள் தெருவின் முட்டுச்சுவரில் பந்தை எறிந்து எறிந்து அடித்தேன். கைப்பிடி உள்ளங்கையை நிறைத்தது. விரல்கள் குத்தவில்லை, மட்டை திரும்பவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

தேர்வன்று அவளை முதலில் அழைத்தார்கள். கல்லூரி மட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள், கீழே வைத்தாள், என்னிடம் கை நீட்டினாள். கொடுத்தேன். வலைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளுடைய இடது கையையே பார்த்தேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியைச் சுற்றிவந்து ஒன்றையொன்று எட்டவில்லை. இடையில் உறையின் நீலம் தெரிந்தது. அவள் எப்போதும் பார்க்காமலே அடிக்கும் பந்து ஒன்று வந்தது. அடித்தாள். மட்டை கைக்குள் புரண்டு, பந்து வீசியவளிடமே மெத்தென்று திரும்பிப் போனது. மறுபடியும் அப்படியே. “பிடியே சரியில்லையேம்மா,” என்றார் தேர்வாளர்களில் ஒருவர். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அதே மட்டையோடு நான் போனேன். நன்றாக ஆடினேன். என்னை எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று, மட்டையும் ஒரு பிளேடுமாக அவள் கடைக்குப் போனேன். நூலை அறுத்தெடுத்துப் பழையபடி ஆக்கித் தருவதாகவும், போட்டியில் கல்லூரி மட்டையிலேயே ஆடிக்கொள்வதாகவும் சொன்னேன். கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பிளேடைப் பார்த்தாள்.

“அத அறுத்துட்டா என்னைய டீம்ல சேத்துக்குவாங்களா?”

“இல்ல.”

“அப்போ யாருக்காக அறுக்குற? உன் மனசு ஆறணும்னு என் பேட்ட அறுக்காத.”

பிளேடைப் பைக்குள் போட்டேன். அவள் பூவிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

“பசை தடவறப்ப உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“எனக்கும் தெரியும்டி. என் கை எனக்குத் தெரியாதா? எப்படியாச்சும் சமாளிச்சுடலாம்னு ஒரு திமிரு. ஆனா நீ ஒரு வார்த்தை கேப்பேனு பாத்தேன். கேட்டிருந்தீனா…”

ஒருவர் வந்து ஒரு முழம் கேட்டார். அளந்து, இலையில் சுருட்டிக் கொடுத்தாள். விட்ட இடத்துக்கு அவள் திரும்பி வரவில்லை.

பிறகு மட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடியின் உச்சியில், உறை முடியும் இடத்தில், நூலின் நுனி பிரிந்து தொங்கியது. நான் சுவரில் அடித்து அடித்துப் பழகியதில் வந்தது. பக்கத்திலிருந்த நூல்கண்டை இழுத்து, பிரிந்த நுனியைச் சேர்த்துப் பிடித்து, மாலைக்குப் போடும் முடிச்சையே அதற்கும் போட்டு, மீதியைப் பல்லால் கடித்தாள்.

“வர்றப்ப இப்படியே கொண்டா. அறுக்கறதா இருந்தா நான் அறுத்துக்கறேன்.”

ஜெயித்துவிட்டு வா என்று அவள் சொல்லவில்லை.

போட்டிக்குப் போக நாளைக் காலை எனக்குப் பேருந்து. துணிகளை எடுத்து வைத்துவிட்டு, மட்டையைப் பையில் போடுமுன் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். அவள் போட்ட முடிச்சு மேலே பிடிக்கும் கையின் ஓரத்தில் இலேசாக நெருடுகிறது. மற்றபடி, என் கைக்கு அது மிகச் சரியாக இருக்கிறது.