வண்டி ஆட்டத்தில் பூத்த பூக்கள்

மதுரை தபால் ஆபீசில் வேலை பார்த்த விஜயம், லீவு கிடைத்தால் ரயிலேறிவிடுவாள். ஒவ்வொரு பயணத்திலும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே போர்வையில் ஒரு பூ தைப்பாள். வண்டி ஆட்டத்தில் இதழ்கள் கோணிக்கொள்ளும். அந்தக் கோணல்தான் அவளுக்குப் பிடிக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநாலில் முழங்கால் மூட்டில் ஆபரேஷன் நடந்தது. ஆறு மாதம் எங்கும் போகக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஆனையூர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தைத்துப் பார்த்தாள். பூ அச்சடித்தது போல வந்தது. எரிச்சலோடு பிரித்துப் போட்டாள்.

"என்னைக் கொஞ்சம் ஊஞ்சல்ல உக்கார வையுங்கோ."

கணவர் ஹாலாஸ்யம் ஊஞ்சல் பலகையில் அவள் காலை நீட்டி உட்காரவைத்து, மெல்ல ஆட்டிவிட்டார். இதழ் கோணியது. விஜயம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே அதே வேப்பமரம் நின்றுகொண்டிருந்தது.

"வேகமா ஆட்டுங்கோ," என்றாள். "இன்னும் சோழவந்தான் ஸ்டேஷனே தாண்டலை."